ஆங்கிலத்தில் 'நீ' மறைந்த வரலாறு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் 'யூ' என்பது ஒன்று. அதற்குத் தமிழிலே பொருள் யாது என்று கேட்டால், நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நான்கு சொற்களை ஆசிரியர் அடுக்க வேண்டியிருக்கிறது. வாயிலில் நிற்கும் நாயை அதட்டுவதற்கும் அந்தச் சொல். நாட்டின் தலைவரை வரவேற்பதற்கும் அந்தச் சொல். ஒருவரைச் சுட்டுவதும் அதுவே; ஓராயிரம் பேரைச் சுட்டுவதும் அதுவே. அதனோடு சேர்ந்து வரும் வினையோ எப்பொழுதும் பன்மை வினை. 'அவன் இருக்கிறான்' என்பதற்கு 'இஸ்' என்று ஒருமை வினை கொடுக்கும் ஆங்கிலம், எதிரே நிற்பவர் ஒருவரேயாயினும் 'யூ ஆர்' என்று பன்மை வினையையே கொடுக்கிறது. ஒருவருக்கு ஏன் பன்மை வினை என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், அஃது அறியாமையால் எழுந்த கேள்வியன்று. ஆங்கில மொழியின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தொட்டு எழுந்த கேள்வியாகும்.

அதற்கு மறுமொழி சுருக்கமானது. 'யூ' என்பது பிறப்பினாலே பன்மைச் சொல். ஒருவரை முன்னிலைப்படுத்துவதற்கென்று ஆங்கிலத்திலே 'தௌ' என்ற வேறொரு சொல் இருந்தது. நமது 'நீ'க்கு நேரானது அது. அது வழக்கொழிந்தபின் அதனுடைய இடத்தையும் 'யூ' எடுத்துக்கொண்டது. இவ்வளவையும் இலக்கண நூலின் ஓர் ஓரத்திலே குறித்துவிடலாம். ஆயினும், அந்தச் சிறிய சொல் ஒழிந்துபோன வழியிலே நீதிமன்றமும் வருகிறது, திருச்சபையும் வருகிறது, தந்தையிடம் அடிபட்ட ஒரு மகனும் வருகிறான். ஒரு சமுதாயத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வழக்கு முழுவதும் இந்த இரண்டு சொற்களின் மேல் ஏறி நடந்தது. அந்த வழக்கின் வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

பழைய ஆங்கிலத்திலே, அதாவது 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்னர் வழங்கிய மொழியிலே, முன்னிலைச் சொற்கள் எண்ணை மட்டுமே காட்டி நின்றன. ஒருவரைச் சுட்ட ஒரு சொல். பலரைச் சுட்ட மற்றொரு சொல். இருவரை மட்டும் சுட்டுவதற்கு, வடமொழியிற் போல, இருமைச் சொல்லும் ஒன்று இருந்தது. அது 13 ஆம் நூற்றாண்டளவில் மறைந்தது. அக்காலத்திலே அரசனாயினும் அடிமையாயினும் ஒருவர் ஒருவரே. எதிரே நிற்பவர் எத்தனை பேர் என்பதையன்றி, எத்தகையவர் என்பதை அச்சொற்கள் கேட்கவில்லை.

இடைக்காலத்திலே இச்சொற்கள் பெற்ற வடிவங்களை முறைப்படுத்திக் கூறினால் நான்கு ஆகும். ஒருமையில், எழுவாயாக வரும்போது 'தௌ'. செயப்படுபொருளாக வரும்போது 'தீ'. நெருப்பைக் குறிக்கும் நம் சொல்லோடு ஒலியால் ஒத்ததேயன்றிப் பொருளால் ஒத்ததன்று. பன்மையில், எழுவாயாக வரும்போது 'யீ'. செயப்படுபொருளாக வரும்போது 'யூ'. ஆகவே, 'நீங்கள் வருகிறீர்கள்' என்னும் இடத்திலே 'யீ' என்றும், 'உங்களைக் கண்டேன்' என்னும் இடத்திலே 'யூ' என்றும் சொல்லுதல் வேண்டும். ஒருமையாகிய 'தௌ'வுக்கு உரிய வினைமுற்றும் தனியே இருந்தது. தமிழிலே 'நீ வந்தாய்' என்பதன் இறுதியிலே 'ஆய்' விகுதி நின்று முன்னிலை ஒருமையைக் காட்டுவது போல, ஆங்கில வினையின் இறுதியிலே 'எஸ்ட்' என்னும் விகுதி நின்று அதனைக் காட்டிற்று. இன்று ஆங்கிலத்தின் முதன்மைச் சொல்லாக விளங்கும் 'யூ', அந்நால்வருள் செயப்படுபொருளுக்கு மட்டும் உரிய கடைசி ஆளாகவே இருந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

எண்ணைக் காட்டிய சொல் மதிப்பைக் காட்டும் சொல்லாக மாறியது எவ்வாறு? இதன் வேரை மொழியறிஞர் உரோமப் பேரரசிலே தேடுவர். அங்கே பிற்காலத்திலே பேரரசர் ஒருவரை இலத்தீன் மொழியின் பன்மை முன்னிலையால் விளிக்கும் வழக்கம் தோன்றியது. ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பேரரசர் ஆண்டமையால் அது தோன்றியிருக்கலாம் என்பாரும் உளர். பேரரசன் தன்னை 'நாம்' என்று கூறிக்கொண்டமையால், அவனை நோக்குவோரும் பன்மையிலே பேசினர் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், அந்த மரியாதை பிரெஞ்சு மொழிக்கு வந்து சேர்ந்தது. நோர்மானிய வெற்றியின் பின்னர் இங்கிலாந்தின் அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. பிரபுக்களின் வழக்கத்தைப் பார்த்து 13 ஆம் நூற்றாண்டு முதலாக ஆங்கிலம் பேசுவோரும் மேலோர் ஒருவரைப் பன்மையால் விளிக்கத் தலைப்பட்டனர். 1400 ஆம் ஆண்டில் மறைந்த சோசர் என்னும் கவிஞரின் பாத்திரங்கள் ஆளறிந்து இவ்விரு சொற்களையும் மாற்றி மாற்றி வழங்குவதை நாம் காணலாம்.

இந்த மாற்றம் தமிழர்க்குப் புதியதன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுவது உயர்வு கருதிய உலக வழக்கேயன்றி இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வரையறுத்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே, அந்நூல் எழுந்த காலத்திலேயே இவ்வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருந்தது என்பது தெளிவு. நன்னூலார் 13 ஆம் நூற்றாண்டிலே முன்னிலைப் பெயர்களைத் தொகுக்கும்போது எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என ஐந்தினைக் கூறினார். இவற்றுள் 'நீ' ஒன்றே ஒருமை. பன்மையாகிய 'நீர்' காலப்போக்கிலே மதிப்புக்குரிய ஒருவரைச் சுட்டும் சொல்லாயிற்று. உண்மையான பன்மைக்கு வேறு சொல் வேண்டியிருந்தமையால் 'கள்' விகுதி பெற்ற 'நீங்கள்' முன்னே வந்தது. பின்னர் அந்த 'நீங்கள்' என்பதும் மரியாதை ஒருமையாகவே, இன்று பலரை நோக்கும்போது 'நீங்கள் எல்லோரும்' என்று விரித்துச் சொல்ல நேரிடுகிறது. மரியாதை பன்மையை விழுங்கிக்கொண்டே போகும்; மொழி புதிய பன்மையை ஆக்கிக்கொண்டே போகும். இந்த நியதி இரு மொழிக்கும் பொது.

ஆங்கிலத்திலே 16 ஆம் நூற்றாண்டளவில் இரு சொற்களின் பொருளும் நன்கு பிரிந்துவிட்டன. மேலோரைக் கீழோர் 'யூ' என்றனர். கீழோரை மேலோர் 'தௌ' என்றனர். உயர்குடியினர் தம்முள் 'யூ' என்றனர். உழவரும் தொழிலாளரும் தம்முள் 'தௌ' என்றனர். பெற்றோர் பிள்ளையைத் 'தௌ' என்றனர். பிள்ளை பெற்றோரை 'யூ' என்றது. இவ்வளவோடு நின்றால் கணக்கு எளிது. ஆனால் காதலர் தனித்திருக்கையில் 'தௌ' என்றனர். பக்தன் இறைவனைத் 'தௌ' என்றான். சினந்தவன் தன்னோடு ஒத்தவனைத் 'தௌ' என்றான். அன்பின் மிகுதிக்கும் வெறுப்பின் மிகுதிக்கும் ஒரே சொல் நின்றது. நெருங்கி வருவதும் மிதித்து ஏறுவதும் ஒருவருடைய எல்லைக்குள்ளே புகுவதேயாகையால், இதிலே முரண்பாடு ஏதுமில்லை. நம் மொழியிலும் தாய் சொல்லும் 'நீ' வேறு. சண்டைக்காரன் சொல்லும் 'நீ' வேறு.

'தௌ' என்னும் பெயரே ஒரு வினைச்சொல்லாகவும் வழங்கியது என்றால், அதன் வலிமையை நேயர்கள் உணர்ந்துகொள்ளலாம். ஒருவனைத் 'தௌ' பண்ணுதல் என்றால், அவனை 'நீ' என்று அழைத்து இழிவுபடுத்துதல் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்திலே, எதிரிக்குச் சண்டைக் கடிதம் எழுதப் புறப்படும் ஒருவனுக்கு அவனுடைய நண்பன் சொல்லும் யோசனைகளுள் ஒன்று, மூன்று தடவையாவது அவனைத் 'தௌ' பண்ணிவிடு என்பதாகும். அவையோர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பர்.

ஆனால் அதே காலப்பகுதியிலே, நகைப்பதற்கு இடமில்லாத ஓரிடத்திலும் அந்தச் சொல் ஒலித்தது. 1603 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17 ஆம் நாள், வின்செஸ்டர் நகரிலே சேர் வோல்ட்டர் றாலி விசாரிக்கப்பட்டார். கடலோடியும் கவிஞரும் எலிசபெத்து அரசியின் அன்புக்கு உரியவருமாக விளங்கிய அவர்மீது, புதிய மன்னர் முதலாம் யேம்சுக்கு எதிராகச் சதி செய்தார் என்ற குற்றம் சுமத்தப்பட்டது. அரச தரப்பில் வாதாடியவர் சட்ட அறிவிலே தலைசிறந்தவராகிய எட்வேட் கோக். வாதத்தின் சூட்டிலே அவர் றாலியைத் துரோகி என்று திட்டியதோடு அமையாது, உன்னைத் 'தௌ' என்றே அழைக்கிறேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தீர்ப்பு வெளிவருமுன்பே அந்த ஒரு சொல்லால் றாலியின் வீரப்பட்டமும் குடிப்பெருமையும் அவையிலே களையப்பட்டன. அன்று விதிக்கப்பட்ட மரண தண்டனை பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1618 ஆம் ஆண்டிலே நிறைவேற்றப்பட்டது.

இத்தகைய சொல்லை இறைவனுக்கு வழங்கலாமா என்ற ஐயம் இங்கே எழலாம். 1611 ஆம் ஆண்டில் வெளிவந்த யேம்சு மன்னரின் ஆங்கில வேதாகமத்திலே இறைவன் 'தௌ' என்றே விளிக்கப்படுகிறார். இக்காலத்தார் பலர், அது வேதத்திலே வருவதனால் அதனை ஒரு பெரும் மரியாதைச் சொல் என்றே எண்ணிவிடுகின்றனர். அது தவறு. அந்நூலிலே இறைவனும் 'தௌ', அரசனும் 'தௌ', வேலைக்காரனும் 'தௌ', சாத்தானும் 'தௌ'வே. மூலமொழிகளாகிய எபிரேயமும் கிரேக்கமும் முன்னிலையிலே ஒருமை பன்மையைப் பிரித்துக் காட்டும் மொழிகள். மொழிபெயர்த்தோர் அந்த வேறுபாட்டை மறைக்காமல் ஆங்கிலத்திலே தந்தனர். அவர்களுக்கு எண்ணே முக்கியம், தகுதி முக்கியமன்று.

அதனால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். லூக்கா சுவிசேஷத்தின் 22 ஆம் அதிகாரத்திலே இயேசு பேதுருவிடம் பேசுகிறார். சாத்தான் சோதிக்கக் கேட்டுக்கொண்டது 'உங்களை' என்கிறார். தாம் வேண்டுதல் செய்தது 'உனக்காக' என்கிறார். சோதனை சீடர் அனைவருக்கும். வேண்டுதலோ அவர்களுள் வழுவப்போகும் ஒருவனுக்காக. பழைய ஆங்கில வேதாகமத்திலும் தமிழ் வேதாகமத்திலும் இந்த நுட்பம் விளங்குகிறது. இரண்டு இடத்திலும் 'யூ' என்று மட்டும் எழுதுகின்ற தற்கால ஆங்கிலத்திலே அது மறைந்துவிடுகிறது.

வேதம் ஏட்டிலே பேசிய மொழியைத் தெருவிலும் பேச வேண்டும் என்று புறப்பட்டார் ஒருவர். அவர் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவர். 1624 இல் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்து, 1691 இல் மறைந்தவர். 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்து கலங்கிக் கிடந்த காலத்திலே, அவர் உருவாக்கிய சமயக் கூட்டத்தினர் தம்மை 'நண்பர்' என்று கூறிக்கொண்டனர். உலகம் அவர்களைக் 'குவேக்கர்' என்றது. எல்லா மனிதருள்ளும் இறையொளி உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே எந்த மனிதருக்கு முன்பும் அவர்கள் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். செல்வர், வறியர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எவரையும் 'தௌ' என்றே அழைப்பார்கள். ஒருவனைப் பலர் போலக் காட்டி 'யூ' என்பது முகத்துதி என்றும், இலக்கணத்தின்படியும் அது பொய் என்றும் பொக்ஸ் வாதாடினார்.

1660 ஆம் ஆண்டிலே பொக்ஸ், இரு துணைவரோடு சேர்ந்து, ஆசிரியர்க்கும் கற்றறிந்தோர்க்கும் ஒருமை பன்மை கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். சிறுவர் அரிச்சுவடி படிக்கும் பலகையின் பெயரையே அதற்கு இட்டார். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளிலிருந்து சான்று காட்டி, ஒருவருக்கு ஒருமை, பலருக்குப் பன்மை என்பதே மனித குலத்தின் பொது நெறி என்று அந்நூல் நிறுவ முயன்றது. பல்கலைக்கழகம் கண்ட பேரறிஞர்களுக்கு ஒரு நெசவாளர் மகன் அரிச்சுவடி எழுதிக் கொடுத்தார் என்றால், அதிலுள்ள ஏளனம் சொல்லாமலே விளங்கும். இலக்கண வாதம் இவ்வளவு துணிவோடு சமுதாய வாதமாக மாறியது அரிது.

அந்தத் துணிவுக்குக் கொடுத்த விலையும் பெரிது. தோமஸ் எல்வூட் என்னும் இளைஞரின் வாழ்க்கை இதற்குச் சான்று. பிற்காலத்திலே கண்ணொளி இழந்த மகாகவி மில்ட்டனுக்கு நூல்களை வாசித்துக் காட்டும் பேறு பெற்றவர் இவர். இவருடைய தந்தை ஒக்ஸ்போட் வட்டாரத்திலே நீதவானாக இருந்தவர். மகன் குவேக்கர் கூட்டத்திலே சேர்ந்து, தொப்பியைக் கழற்றாமல் தந்தை முன்னே நின்றபோதும், தந்தையையே 'தௌ' என்றபோதும் அவருடைய சினம் கரை கடந்தது. இன்னொரு தடவை அச்சொல் என் காதில் விழுந்தால் உன் பற்களைத் தொண்டைக்குள்ளே இறக்கிவிடுவேன் என்று அவர் அச்சுறுத்தியதை, 1714 இல் வெளிவந்த தமது வரலாற்றிலே எல்வூட் குறித்திருக்கிறார். கையால் அடித்தார், தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டார். தொப்பியின்றி வெளியே செல்ல இயலாத அக்காலத்திலே, ஒரு மாரி முழுவதும் மகன் வீட்டிலே அடைபட்டுக் கிடந்தார். தந்தை கொடியவரல்லர். மகன் தம்மை ஒரு வேலைக்காரனைப் போல விளித்துவிட்டான் என்பதே அவருக்குப் பட்ட புண். மகனுக்கோ அதுவே சத்தியம். ஒரே சொல்லை ஒருவர் அவமதிப்பாகவும் மற்றவர் சமத்துவமாகவும் கேட்டனர். அவ்விருவருக்கும் இடையிலே சமாதானம் எங்ஙனம் உண்டாகும்?

குவேக்கர் கேட்டதோ 'யூ' ஒழிந்து அனைவரும் 'தௌ' ஆகவேண்டும் என்பது. வரலாறு தீர்த்ததோ நேர்மாறாக. 'தௌ' ஒழிந்தது; அனைவரும் 'யூ' ஆயினர். 17 ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே கற்றோர் பேச்சிலே 'தௌ' அரிதாகிவிட்டது. இதற்கு எந்த மன்னரும் ஆணையிடவில்லை. எந்தச் சபையும் சட்டம் இயற்றவில்லை. இலண்டன் போன்ற நகரங்கள் பெருகின. வணிகத்தாலே பொருளீட்டியவர் பிரபுக்களைப் போல உடுத்தனர். எதிரே வருபவர் இன்னார் என்பதை ஆடையாலே அறிய முடியாத நிலை வந்தது. 'தௌ' என்று சொல்லிப் பகை தேடுவதைவிட 'யூ' என்று சொல்லிவிடுவது பாதுகாப்பானதாயிற்று. கடைக்காரர் அனைவரையும் 'யூ' என்றார். பின்னர்க் கடைக்காரரையும் அனைவரும் 'யூ' என்றனர். குவேக்கரின் பிடிவாதத்தினாலேயே 'தௌ' ஒரு கூட்டத்தாரின் அடையாளமாகி, மற்றையோர் அதனை விட்டு விலகினர் என்று கருதுவாரும் உளர். இதிலுள்ள விந்தை என்னவெனில், பிற்காலக் குவேக்கர் 'தௌ' என்பதையும் விட்டு, எழுவாய் இடத்திலும் 'தீ' என்றே பேசலாயினர். ஒருமை பன்மைக்காகச் சிறையும் அடியும் ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் வேற்றுமையிலே வழுவினர்.

ஒரு சொல் போனால் அதனோடு வேறு பலவும் போகும். 'எஸ்ட்' விகுதி போயிற்று. 'யூ'வுக்கு இடம் கொடுத்து 'யீ'யும் போயிற்று. ஒருவரா பலரா என்று காட்ட வழியில்லாமற் போயிற்று. 18 ஆம் நூற்றாண்டிலே மக்கள் தாமாகவே ஒரு வழி கண்டனர். பலரைச் சுட்டும்போது 'யூ வேர்' என்றும், ஒருவரைச் சுட்டும்போது 'யூ வாஸ்' என்றும் வினையினாலே வேறுபடுத்தினர். நல்ல உபாயந்தான். ஆனால் 1762 ஆம் ஆண்டிலே வெளிவந்த தமது இலக்கண நூலிலே றொபேட் லோத் என்னும் சமயப் பெரியார் அதனைக் கடும்வழு என்று கண்டித்தார். கற்றோர் அதனைக் கைவிட்டனர். இன்று ஒருமை பன்மை வேறுபாடு ஆங்கில முன்னிலையிலே எஞ்சி நிற்பது ஓரிடத்திலேதான். 'நீயே' என்று ஒருவரை வற்புறுத்தும்போது 'யுவர்செல்ப்' என்றும், 'நீங்களே' என்று பலரை வற்புறுத்தும்போது 'யுவர்செல்வ்ஸ்' என்றும் வருவதைக் காண்க. பொதுமக்கள் பேச்சோ இன்றும் புதிய பன்மையைத் தேடிக்கொண்டேயிருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே 'யோல்' என்பர். அயர்லாந்திலே 'யூஸ்' என்பர். முன்னையது நமது 'நீங்கள் எல்லோரும்' என்பதன் உடன்பிறப்பு.

ஏனைய நாடுகளிலும் இவ்வழக்கு நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793 ஆம் ஆண்டிலே, குடிமக்கள் யாவரும் ஒருவரையொருவர் ஒருமையிலேயே விளித்தல் வேண்டும் என்று வற்புறுத்தினர். ஆணவம் ஒழியும் என்று எண்ணினர். சில ஆண்டுகளிலேயே மரியாதைப் பன்மை மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது. சுவீடன் நாட்டிலே 1967 ஆம் ஆண்டில், சுகாதாரத் துறையின் தலைவராகப் பதவியேற்ற புரோர் றெக்செட் என்பவர், தம் கீழ் வேலை செய்வோர் அனைவரையும் ஒருமையாலே விளிப்பதாகவும், தம்மையும் அவர்கள் அவ்வாறே விளிக்கலாம் என்றும் அறிவித்தார். முன்னரே மாறிக்கொண்டிருந்த வழக்கம் அதன்பின் விரைந்து பரவி, அந்நாட்டிலே ஒருமை விளியே பொது விளியாக நிலைத்தது. ஆகவே சமத்துவத்துக்கு இரண்டு படிக்கட்டுகள் உண்டு. சுவீடர் அனைவரையும் 'நீ' என்னும் கீழ்ப்படிக்கு இறக்கிச் சமன் செய்தனர். ஆங்கிலேயர் அனைவரையும் 'நீங்கள்' என்னும் மேற்படிக்கு ஏற்றிச் சமன் செய்தனர்.

இனி, நம்மிடம் வருவோம். தமிழிலே படிகள் ஒன்றும் இடிக்கப்படவில்லை. அதிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவிலே 'நீர்' என்னும் சொல் இன்றும் உயிரோடு வழங்குகிறது. ஆகையினால் ஆங்கிலத்திலிருந்து ஒரு வரியைத் தமிழாக்கும்போதெல்லாம், ஆங்கிலேயர் கைவிட்ட அந்த வழக்கை நாம் புதிதாக விசாரித்துத் தீர்ப்புக் கூறவேண்டியிருக்கிறது. வேதாகமத்தை எடுத்துக்கொள்வோம். ஆறுமுக நாவலரின் துணையோடு பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்திலே செய்த மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. தமிழ் வேதாகமத்தை ஆக்கியோர் யாவரும் எதிர்கொண்ட இக்கட்டு ஒன்றுண்டு. மூலத்திலே இறைவனுக்கும் சாத்தானுக்கும் ஒரே முன்னிலை. தமிழிலே அவ்வாறு எழுதினால் காது பொறுக்குமா? ஆகவே இன்று வழங்கும் தமிழ் வேதாகமத்திலே இறைவன் 'தேவரீர்' என்றும் 'நீர்' என்றும் விளிக்கப்படுகிறார். சாத்தான் 'நீ' எனப்படுகிறான். மூலத்தில் இல்லாத தரவேறுபாடு மொழியின் இயல்பினாலே உள்ளே புகுந்தது. நம் நாயன்மாரோ சிவபெருமானை 'நீ' என்று உரிமையோடு பாடியிருக்கின்றனர். 'நீ' என்பது எப்பொழுதும் இழிவு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இழிவாக வழங்கிய இடமும் உண்டு. நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த ஆங்கிலேயத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்பில் ஒரு கைநூல் வெளியாயிற்று. சின்னத்துரையின் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளத் தக்க அந்தத் தமிழ் வழிகாட்டியின் பெயர் 'இங்கே வா' என்பது. 'வாரும்' அன்று, 'வாருங்கள்' அன்று, 'வா'. தம் நாட்டிலே வண்டியோட்டியையும் 'யூ' என்றே விளித்துப் பழகிய ஒருவர், இங்கு வந்து தமிழிலே முதற்பாடமாகக் கற்றது தந்தை வயதினரையும் ஒருமையால் ஏவும் சொல்லை. தம் மொழியிலே இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒழிந்துபோன 'தௌ'வை அவர் நம் மொழியிலே கண்டெடுத்துக்கொண்டார். ஆனால் பழியைத் துரைமீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. அந்த 'வா'வை அவர் புதிதாக ஆக்கவில்லை. சாதியாலும் தொழிலாலும் தாழ்ந்தவர் என்று கருதப்பட்டோரை, நரை கண்ட முதியவராயினும், 'நீ' என்றும் 'வா' என்றும் சொல்லும் வழக்கம் நம்மவரிடம் ஏற்கெனவே இருந்தது. அவர் கேட்டதைக் கற்றார்.

ஆங்கிலத்தின் இந்த வரலாறு நமக்குக் கூறுவது யாது? 'நீ' என்னும் சொல்லை ஒழித்துவிடுவோம் என்பதன்று. 'தௌ'வை இழந்த ஆங்கிலம் தாய்க்கும் காதலர்க்கும் பக்தர்க்கும் உரிய ஒரு நெருக்கத்தையும் இழந்தது. அதற்கு ஈடாக இன்றுவரை வேறொன்றும் அம்மொழிக்குக் கிடைக்கவில்லை. அந்தச் செல்வம் நம்மிடம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் ஆங்கிலேயனுக்கு மொழியே செய்து கொடுக்கும் ஒரு கடமையை, தமிழன் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் தானே செய்யவேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகம் அனுப்பும் கடிதத்திலே 'தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது' என்று எழுதப்படுகிறது. அந்தக் கடிதத்தைக் கையிலே ஏந்திக்கொண்டு, கிழிந்த சால்வையோடு அதே அலுவலகத்தின் வாயிலிலே நிற்கும் முதியவர், 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கப்படுவாராயின், எழுத்திலே கொடுத்த மதிப்பை நாவினாலே பறித்துக்கொண்டோம் என்பதே பொருள். அவர் அதைப் பற்றி முறைப்பாடு எழுதமாட்டார். இலக்கண வழுவும் அதிலே இல்லை. ஆயினும் அன்று வின்செஸ்டர் அவையிலே றாலியிடமிருந்து எது பறிக்கப்பட்டதோ, அதுவே அந்த வாயிலிலும் பறிக்கப்படுகிறது.

பொக்ஸ் பெருமகனார் கேட்ட கேள்வி இன்னும் பழமையாகிவிடவில்லை. எதிரே நிற்கும் மனிதரின் மதிப்பு அவருடைய உடையிலும் பிறப்பிலும் இருக்கிறதா, அல்லது அவர் மனிதர் என்பதிலேயே இருக்கிறதா? ஆங்கில மொழி தன்னை அறியாமலே அனைவரையும் மேற்படியிலே ஏற்றிவைத்து அதற்கு விடை கூறிற்று. நாம் அறிந்து கூறலாம். அதற்குப் புதிய சொல் எதனையும் ஆக்க வேண்டியதில்லை. நம்மிடம் உள்ள 'நீங்கள்' என்னும் சொல்லை, அதனை எதிர்பாராதவர்க்கும் வழங்கினால் போதும்.